முறுக்கிய மைக்ரோவேவ் கற்றையில் சுழற்சி தெரியவில்லையா? அறிகுறி வாரியாகப் பிழை நீக்கம்

சுழலும் பொருளை நேர் எதிரே நின்று பார்த்தால் சாதாரண டாப்ளர் ராடாருக்கு ஒன்றும் தெரியாது. பொருள் அருகே வருவதும் இல்லை, விலகுவதும் இல்லை. முறுக்கிய கற்றைக்கு, அதாவது அலைமுகம் திருகுபோல் முறுகிச் செல்லும் கற்றைக்கு, அந்தச் சுழற்சி தெரியும். ஆனால் 10 கிகாஹெர்ட்ஸில் சில பத்து ஹெர்ட்ஸ் நகர்வைத் தேடுகிறோம். அந்த அளவில் ஸ்பெக்ட்ரத்தில் (அதிர்வெண் வாரியான வரைபடத்தில்) பொய்க் கோடுகள் தாராளமாக வரும், உண்மைக் கோடு எளிதாக மறையும். கீழே உள்ளவை இந்த அமைப்பில் திரும்பத் திரும்ப வரும் கோளாறுகள். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில், பணம் பிடுங்குவது கடைசியில்.

## எந்த அமைப்புக்கு இந்தக் குறிப்பு

10 கிகாஹெர்ட்ஸ், அலைநீளம் 3 செ.மீ. எட்டு பேட்ச் ஆன்டெனாக்கள் (தட்டையான சிறு ஆன்டெனாக்கள்) 6 செ.மீ. ஆரமுள்ள வட்டத்தில். கட்டம் என்பது அலை தன் அதிர்வில் எந்த இடத்தில் இருக்கிறது என்பது; முறுக்கெண் என்பது வட்டத்தை ஒரு முறை சுற்றி வரும்போது கட்டம் எத்தனை முறை 360 பாகை ஏறுகிறது என்பது. அடுத்தடுத்த பேட்சுகளுக்கு இடையே கட்ட வேறுபாடு: முறுக்கெண் 1-க்கு 45 பாகை, 2-க்கு 90, 3-க்கு 135. எட்டு பேட்சை வைத்துக்கொண்டு 4-க்குப் போகாதீர்கள். 180 பாகையில் இடமுறுக்கும் வலமுறுக்கும் ஒன்றாகிவிடும். ஏற்பி வட்டத்தின் நடுவில் ஒற்றை பேட்ச். அளப்பது வி.என்.ஏ. (வெக்டர் நெட்வொர்க் அனலைசர் என்ற கருவி); அதிர்வெண்ணை நிலையாக நிறுத்தி, நேரத்துக்கு எதிரே வீச்சையும் கட்டத்தையும் பதிகிறோம். வி.என்.ஏ. இல்லாதவர்கள் ஒரே மூலத்திலிருந்து பிரித்தெடுத்த அலையை ஐ/க்யூ மிக்சருக்குக் (சிக்னலை 90 பாகை வேறுபட்ட ஐ, க்யூ என்ற இரு பகுதிகளாகத் தரும் உறுப்பு) கொடுத்தும் இதைச் செய்யலாம்.

இலக்கு 1 மீட்டர் தூரத்தில். 3 மி.மீ. பாலிகார்பனேட் வட்டத் தகட்டில், மையத்திலிருந்து 15 செ.மீ. தள்ளி, 3 × 6 செ.மீ. அலுமினிய டேப் ஒரே ஒரு துண்டு. வேகம் 1,140 ஆர்.பி.எம்., அதாவது நொடிக்கு 19 சுற்று. 19-இன் முதல் சில மடங்குகள் 50-லும் 100-லும் போய் உட்காராது என்பதற்காகத்தான் இந்த எண். 1,500 அல்லது 3,000 ஆர்.பி.எம். வைத்துத் தொடங்கினால் மின்சார இரைச்சலோடு மல்லுக்கட்ட வேண்டிவரும்.

எதிர்பார்க்க வேண்டியது:

- வட்டம் அனுப்ப, நடு பேட்ச் ஏற்றால்: முறுக்கெண் × சுழல்வேகம். அதாவது 19, 38, 57 ஹெர்ட்ஸ்.
- சர்க்குலேட்டர் (போகும் அலையையும் திரும்பும் அலையையும் பிரிக்கும் உறுப்பு) வழியாக அதே வட்டமே அனுப்பி ஏற்றால்: அதன் இரு மடங்கு. 38, 76, 114 ஹெர்ட்ஸ்.

மோட்டாரைப் போடுமுன் ஒன்று. இந்த வேகத்தில் 15 செ.மீ. ஆரத்தில் ஒட்டிய ஒவ்வொரு கிராமும் சுமார் 220 கிராம் எடை போல வெளியே இழுக்கும். டேப்பின் ஓரங்களை இன்னொரு பிளாஸ்டிக் டேப்பால் மூடி ஒட்டுங்கள். சமநிலைக்கு எதிர்ப்புறம் வைக்கும் எடை பிளாஸ்டிக்காக இருக்கட்டும், உலோகம் வேண்டாம் (ஏன் என்பது அறிகுறி 1-ல் வருகிறது). தகடு சுழலும் தளத்துக்கு நேராக யாரும் நிற்கக் கூடாது. 10 கிகாஹெர்ட்ஸில் திறந்த வெளியில் அலை பரப்ப உங்கள் நாட்டு விதி என்ன கேட்கிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

## எந்த அறிகுறியானாலும் முதலில்: கைச்சுற்று

மோட்டாரை அணைத்துவிட்டு, தகட்டைக் கையால் 30 பாகை, 30 பாகையாகத் திருப்பி, ஒவ்வொரு நிறுத்தத்திலும் வி.என்.ஏ. காட்டும் மெய், கற்பனைப் பகுதிகளைக் குறித்துக்கொண்டு தாளில் புள்ளி வையுங்கள். பன்னிரண்டு புள்ளிகள். பத்து நிமிட வேலை. பாதிப் பிழைகள் இங்கேயே அகப்படும். நேராக மோட்டாரைப் போட்டு ஸ்பெக்ட்ரத்தைப் பார்ப்பவர்கள்தான் அதிக நேரம் இழக்கிறார்கள்.

- முறுக்கெண் 1: புள்ளிகள் ஒரு வட்டமாக வர வேண்டும். ஒரு முழுச் சுற்றுக்கு வட்டம் ஒரு தடவை.
- முறுக்கெண் 2: ஒரு சுற்றுக்குள் வட்டம் இரண்டு தடவை.
- முறுக்கெண் 0 (எல்லா பேட்சுக்கும் ஒரே கட்டம்): புள்ளிகள் எல்லாம் ஓரிடத்தில் குவிய வேண்டும்.

வட்டத்தின் மையம் பூச்சியத்தில் இருக்காது. பக்கத்துச் சுவரின் எதிரொலியும் ஆன்டெனாக்களுக்கு இடையிலான கசிவும் அதைத் தள்ளி வைத்திருக்கும். அது தவறு இல்லை. வட்டத்தின் ஆரம் எவ்வளவு, வடிவம் எப்படி என்பதுதான் முக்கியம்.

## அறிகுறி 1: எதிர்பார்த்த இடத்தில் கோடே இல்லை

### கைச்சுற்றில் வட்டம் வருகிறது, மோட்டார் ஓடும்போது மட்டும் கோடு இல்லை

அலைப்பகுதி சரி. பதிவு செய்யும் பகுதியில்தான் பிழை.

சராசரி எடுக்கும் வசதி இயக்கத்தில் இருக்கிறதா? வி.என்.ஏ-வில் ஸ்வீப் (ஒரு முழுப் பதிவு ஓட்டம்) சராசரியை யாராவது 16 என்று வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். ஒவ்வொரு ஸ்வீப்பும் தகட்டின் வேறொரு கோணத்தில் தொடங்கும். அவற்றைச் சேர்த்துச் சராசரி எடுத்தால் சுழலும் சிக்னல் மட்டும் கரைந்துபோய் நிலையான கசிவு மட்டும் மிஞ்சும். அணைத்துவிடுங்கள். ஸ்மூத்திங்கும் வேண்டாம்.

ஐ.எஃப். பட்டையகலம் (வி.என்.ஏ-வின் உள் வடிகட்டியின் அகலம்). 10 ஹெர்ட்ஸில் வைத்தால் இரைச்சல் தரை அழகாகக் கீழே போகும். 19 ஹெர்ட்ஸும் கூடவே போய்விடும். 1 கிலோஹெர்ட்ஸ் வையுங்கள். சுமார் 2,000 புள்ளிகள் எடுத்தால் ஒரு பதிவு 2 நொடிக்கு மேல் நீளும். பிரித்தறியும் திறன் அரை ஹெர்ட்ஸ் கிடைக்கும்.

ஒலி அட்டையா? மிக்சருக்குப் பின்னால் கணினியின் ஒலி உள்ளீட்டைப் பயன்படுத்துபவர்கள் கவனிக்க: அதன் உள்ளீட்டில் தொடர் மின்தேக்கி இருக்கிறது, 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே அடக்கிவிடும். முறுக்கெண் 3-க்கு மாற்றிப் பாருங்கள். 57-ல் கோடு எழுந்து 19-ல் மட்டும் இல்லையென்றால் குற்றவாளி இதுதான். டி.சி. வரை ஏற்கும் பதிவுக் கருவி வாங்க வேண்டும், அல்லது வேகத்தைக் கூட்ட வேண்டும்.

### கைச்சுற்றிலும் வட்டம் இல்லை

இலக்கு அளவுக்கு மீறிச் சீராக இருக்கிறது. இதுதான் மிக அதிகமாக நடப்பது. தொடங்குபவர்கள் கையில் கிடைத்த அலுமினியப் பட்டையை நடுவில் துளையிட்டு மோட்டாரில் மாட்டுவார்கள். இரு பக்கமும் சமமாக நீளும் பட்டை, முறுக்கெண் 1. ஒரு முனையிலிருந்து வரும் எதிரொலியும் எதிர் முனையிலிருந்து வருவதும் 180 பாகை வேறுபாட்டில் வந்து ஒன்றையொன்று அழித்துவிடும். எவ்வளவு பவர் கூட்டினாலும் பயன் இல்லை.

விதி எளிது. இலக்கில் ஒரே மாதிரி எத்தனை இறக்கைகள் இருக்கின்றனவோ, எதிர்பார்க்கும் மடங்கு அந்த எண்ணால் வகுபட வேண்டும். இரண்டு முனைப் பட்டைக்கு 2 வேலை செய்யும், 1-உம் 3-உம் செய்யாது. மூன்று இறக்கை மின்விசிறிக்கு 3 மட்டும். ஒற்றைத் துண்டுக்கு எல்லாமே வேலை செய்யும். அதனால்தான் இந்தக் குறிப்பில் ஒற்றைத் துண்டு, அதனால்தான் எதிர் எடை பிளாஸ்டிக். முழு உலோக வட்டம் எதற்குமே வேலை செய்யாது, அது சுழல்வதை இந்தக் கற்றையாலும் காண முடியாது.

இறக்கையின் கோண அகலமும் பார்க்க வேண்டும். தகட்டின் பாதியை உலோகத்தாளால் மூடினால் முறுக்கெண் 1-க்கு நன்றாக வரும், 2-க்குச் சுத்தமாகப் பூச்சியம். 30 பாகைக்குள் வைத்தால் முறுக்கெண் 3 வரைக்கும் இழப்பு 1 டெசிபெல் அளவோடு நிற்கும்.

பட்டையை மாற்ற வழியில்லை என்றால் சர்க்குலேட்டர் போட்டு அதே வட்டத்தாலேயே ஏற்றுக்கொள்ளுங்கள். மடங்கு 2 ஆகிவிடும், இரு முனைப் பட்டை முறுக்கெண் 1-க்கே தெரியும்.

இலக்கு கற்றையின் ஓட்டைக்குள் இருக்கிறது. முறுக்கிய கற்றையின் நடுவில் சக்தி இல்லை. வளையமாகத்தான் விரிந்து போகும். 6 செ.மீ. வட்டத்திலிருந்து 1 மீட்டர் தூரத்தில் வளையத்தின் ஆரம்:

- முறுக்கெண் 1: சுமார் 15 செ.மீ. (8.4 பாகை)
- முறுக்கெண் 2: சுமார் 25 செ.மீ. (14 பாகை)
- முறுக்கெண் 3: சுமார் 35 செ.மீ. (19.5 பாகை)

எட்டு பேட்சை நெருக்கமாக 3 செ.மீ. ஆரத்தில் அடுக்கியிருந்தால் முறுக்கெண் 1-க்கே வளையம் 30 செ.மீ-ஐத் தாண்டும். அப்போது 15 செ.மீ-இல் ஒட்டிய டேப் பாதி வழியில்தான் நிற்கும். கணினி விசிறி அளவுள்ள சின்ன இலக்கென்றால் கேட்கவே வேண்டாம். இலக்கை அருகே கொண்டுவாருங்கள். அல்லது ஆன்டெனா வட்டத்தைப் பெரிதாக்குங்கள். வட்டம் பெரிதாகும்போது பேட்சுகளுக்கு இடையே ஒன்றரை அலைநீளம் இடைவெளி வந்துவிடுகிறதே என்று பயப்பட வேண்டியதில்லை: அதனால் வரும் வேண்டாத முறுக்குகள் அகன்ற கோணத்தில்தான் போகும், முறுக்கெண் 1-க்கு 43 பாகை அருகே. அங்கே உலோக அலமாரி இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

கற்றை முறுக்கவே இல்லை. மரச் சட்டத்தில் சின்ன ஆன்டெனா ஒன்றைப் பொருத்தி, 1 மீட்டர் தூரத்தில் 15 செ.மீ. ஆர வட்டத்தில் எட்டு இடங்களில் கட்டத்தை அளங்கள். சுற்றி வரும்போது மொத்தம் 360 பாகை ஏற வேண்டும். பிறகு நடுவில் வைத்து வீச்சைப் பாருங்கள்: வளையத்தைவிட 20 டெசிபெல் குறைந்தால் நல்லது. பள்ளம் 12 டெசிபெல் அளவோடு நின்றுவிட்டால் ஒரு பேட்ச் செத்திருக்க வாய்ப்பு அதிகம். எட்டில் ஒன்று போனால் கணக்குப்படி அந்த எண்தான் வரும். எந்த பேட்ச் என்று கண்டுபிடிக்க ஒவ்வொரு கேபிளாகக் கழற்றி 50 ஓம் டெர்மினேஷன் போடுங்கள்; எதைக் கழற்றினால் எதுவும் மாறவில்லையோ அதுதான்.

கேபிள்களின் நீளத்தையும் இதே சமயத்தில் பாருங்கள். சாதாரண கோஆக்சியலில் 1 மி.மீ. வித்தியாசம் என்பது 10 கிகாஹெர்ட்ஸில் சுமார் 17 பாகை. அளவுகோலை நம்பாதீர்கள், ஒவ்வொன்றையும் வி.என்.ஏ-வில் கட்டம் அளந்து சோடி சேருங்கள். எஸ்.எம்.ஏ. (கேபிள் இணைப்பி) நட்டைக் கையால் இறுக்கியிருந்தால், கேபிள் அசையும்போதெல்லாம் கட்டமும் அசையும். பித்தளை இணைப்பிக்கு சுமார் 0.56 நியூட்டன் மீட்டர் டார்க் ரெஞ்ச் போதும்.

கசிவு ஏற்பியை அமுக்குகிறது. நடு பேட்ச் எட்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. முறுக்கெண் 1-ல் எதிரெதிர் பேட்சுகளின் கசிவு ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், அதனால் 0-விலிருந்து 1-க்கு மாற்றும்போது கசிவு சட்டென்று விழ வேண்டும். இதையே தினமும் காலையில் செய்யும் விரைவுச் சோதனையாக வைத்துக்கொள்ளலாம். முறுக்கெண் 2-ல் இந்தச் சோதனை ஏமாற்றும்: மேல்-கீழ் பேட்சுகளும் இட-வல பேட்சுகளும் நடுவோடு ஒரே அளவில் இணைவதில்லை, எனவே எல்லாம் சரியாக இருந்தாலும் கசிவு முழுதாக அழியாது. கசிவு பெரிதாக இருந்தால் முன்பெருக்கியைக் கழற்றிவிட்டு அளந்து பாருங்கள். பெருக்கி இல்லாமல் கோடு தெளிவாகத் தெரிந்தால் அது அமுங்கிக்கொண்டிருந்தது என்று பொருள்.

*நிபுணரிடம் போகும் இடம்:* எட்டு கேபிளும் சோடி சேர்ந்து, எட்டு பேட்சும் உயிரோடு இருந்தும் நடுப்பள்ளம் 15 டெசிபெல்லைத் தாண்டவில்லை என்றால், பலகையிலேயே பகிர்வுக் கோளாறு. ஆன்டெனா அளவைக்கூடத்தில் அருகண்மைப் புல ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்கள். கையால் தேடி அதைப் பிடிப்பது கடினம்.

## அறிகுறி 2: முறுக்கெண்ணை 0 ஆக்கினாலும் 19 ஹெர்ட்ஸில் கோடு நிற்கிறது

நீங்கள் அளப்பது சுழற்சி டாப்ளர் இல்லை. தகடு முன்னும் பின்னும் ஆடுவதை அளக்கிறீர்கள். தகட்டின் தண்டு 1 பாகை சாய்ந்திருந்தாலே 15 செ.மீ. ஆரத்திலுள்ள டேப் ஒவ்வொரு சுற்றிலும் 2.6 மி.மீ. முன்னும் 2.6 மி.மீ. பின்னும் போய்வரும். போய்த் திரும்பும் பாதையில் அது 63 பாகைக் கட்ட ஆட்டம். அதனால் எழும் பக்கக் கோடு நடுக் கோட்டைவிட 4 டெசிபெல்கூடக் குறைவாக இருக்காது.

அடையாளம்: ஐ, க்யூ இரண்டையும் சேர்த்துச் சிக்கலெண் எஃப்.எஃப்.டி. (நேரப் பதிவை அதிர்வெண்களாகப் பிரிக்கும் கணக்கு) எடுங்கள். ஆட்டத்தால் வரும் கோடு +19-லும் −19-லும் ஏறக்குறைய சமமாக நிற்கும். முறுக்கால் வருவது ஒரு பக்கம் மட்டும் நிற்கும். வீச்சை மட்டும் எஃப்.எஃப்.டி. செய்தால் இந்த வேறுபாடே தெரியாது.

சரிசெய்ய ஒரு லேசர் பாயின்டரும் சின்னக் கண்ணாடித் துண்டும் போதும். கண்ணாடியைத் தகட்டின் மையத்தில் ஒட்டுங்கள். லேசரை ஆன்டெனா வட்டத்தின் நடுவிலிருந்து தகட்டின் மையத்துக்கு அடியுங்கள். திரும்பி வரும் புள்ளியைப் பார்த்தபடி தகட்டைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள்.

- புள்ளி வட்டம் போட்டால்: தகடு அச்சுத்தண்டில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது. திருகுகளுக்கு அடியில் மெல்லிய காகிதம் வைத்துச் சரிசெய்யுங்கள். கண்ணாடியே சாய்வாக ஒட்டப்பட்டிருந்தாலும் இதே வட்டம் வரும், அதை முதலில் பாருங்கள்.
- புள்ளி அசையாமல் நிற்கிறது, ஆனால் லேசரின் வாய்க்குத் திரும்பவில்லை என்றால்: தண்டு ஆன்டெனாவின் நடுவைப் பார்க்கவில்லை. மோட்டார் அடித்தளத்தைத் திருப்புங்கள்.

1 மீட்டர் தூரத்தில் புள்ளி 3.5 மி.மீ. விலகினால் சாய்வு 0.1 பாகை. 0.2 பாகைக்குள் கொண்டுவந்தால் பொய்க் கோடு நடுக் கோட்டைவிட 19 டெசிபெல் கீழே போய்விடும். பெரும்பாலான வேலைக்கு அது போதும்.

தண்டு முழுவதும் பக்கவாட்டில் விலகியிருந்தாலும் இதே பொய்க் கோடு வரும். 1 மீட்டரில் தண்டின் 3.5 மி.மீ. விலகல் 0.2 பாகைச் சாய்வுக்குச் சமம். சாய்வும் விலகலும் ஒன்றையொன்று ஈடுசெய்து தற்செயலாகக் கோடு சிறிதாகிவிடுவதும் உண்டு. எனவே ஸ்பெக்ட்ரத்தைப் பார்த்தபடி தள்ளித் தள்ளிச் சரிசெய்வதைவிட லேசரை நம்புவது மேல். உண்மையில் வேண்டியது ஒன்றுதான்: தண்டை நீட்டிக் கோடு போட்டால் அது ஆன்டெனா வட்டத்தின் நடுவில் வந்து குத்த வேண்டும்.

*நிபுணரிடம் போகும் இடம்:* தண்டே வளைந்திருந்தாலோ பேரிங் ஆடினாலோ காகிதம் வைத்துப் பயனில்லை. டயல் கேஜ் வைத்துப் பார்த்துவிட்டு லேத் பட்டறைக்கு அனுப்புங்கள்.

## அறிகுறி 3: ஒரு கோட்டுக்குப் பதில் 19, 38, 57, 76 என்று வரிசையாகக் கோடுகள்

முதலில் அறிகுறி 2-இன் லேசர் சோதனையை முடித்துவிட்டு வாருங்கள். பாதிக்கு மேல் அங்கேயே தீரும். அதற்குப் பிறகும் நின்றால்:

முறுக்கெண் 1 கேட்டீர்கள். 19-ல் கோடு இல்லை, 38-ல் இருக்கிறது. பேட்சுகளின் ஊட்டுமுனைகளை (பேட்சுக்கு அலை நுழையும் இடங்களை) பாருங்கள். பார்க்க அழகாக இருக்கட்டும் என்று எட்டையும் வட்டத்தின் மையம் நோக்கித் திருப்பி வைத்திருப்பார்கள். அப்போது அலையின் தளவாக்கமும் (மின்புலம் அதிரும் திசையும்) வட்டத்தோடு சேர்ந்து திரும்பி, 1 கேட்டால் 0-வும் 2-வும் கலந்து வெளிவரும். எட்டின் ஊட்டுமுனையும் ஒரே திசையைப் பார்க்க வேண்டும். பலகை அச்சடித்தாயிற்று என்றால் வேறு வழியில்லை, புதுப் பலகைதான்.

எல்லா மடங்கும் சிறிதாகத் தெரிகிறது. கட்டப் பிழை. பேட்சுகளுக்கு இடையே ஒழுங்கற்ற 10 பாகைப் பிழை இருந்தால் வேண்டாத முறுக்குகள் 24 டெசிபெல் கீழே நிற்கும். அது சகிக்கக்கூடியது. 15 டெசிபெல்தான் வித்தியாசம் என்றால் கேபிள்களை மறுபடி சோடி சேருங்கள்.

ஏற்பியை வட்டத்துக்கு வெளியே தனி ஹார்ன் ஆன்டெனாவாக வைத்திருக்கிறீர்களா? அங்கிருந்து பார்த்தால் தகடு சாய்வாகத்தான் தெரியும், அறிகுறி 2-இன் எல்லாத் தொல்லையும் சேர்ந்து வரும். நடுவுக்கு மாற்றுங்கள்.

## அறிகுறி 4: வேகத்தை மாற்றினாலும் நகராத கோடு

மோட்டார் வேகத்தை 19-லிருந்து 16 சுற்றுக்கு இறக்குங்கள். நகராத கோடு இலக்கிலிருந்து வந்ததல்ல.

- 100 ஹெர்ட்ஸ்: முதல் சந்தேகம் டியூப்லைட். எரியும் குழாயின் பிளாஸ்மா மைக்ரோவேவை எதிரொலிக்கும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் சாதாரண சோக்கோடு எரியும் குழாயில் நொடிக்கு 100 தடவை அந்த எதிரொலி கூடிக் குறையும். விளக்கை அணையுங்கள், கோடு போய்விட்டால் தீர்ந்தது.
- 50 ஹெர்ட்ஸ்: தரை இணைப்பு வளையம். மோட்டார் ஓட்டியையும் அளக்கும் கருவிகளையும் ஒரே பலகைப் புள்ளியிலிருந்து எடுங்கள். மடிக்கணினியைப் பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள்.
- 5 முதல் 20 ஹெர்ட்ஸுக்குள் மெல்ல அலையும் கோடு: தலைக்கு மேலே பாருங்கள். 300 ஆர்.பி.எம்-இல் ஓடும் மூன்று இறக்கை சீலிங் ஃபேன் 15 ஹெர்ட்ஸைத் தரும். அளவு முடியும் வரை வியர்க்க வேண்டியதுதான்.

## அறிகுறி 5: கோடு இருக்கிறது, ஆனால் தவறான இடத்தில்

அளந்த எண்ணை எதிர்பார்த்த எண்ணால் வகுத்துப் பாருங்கள்.

சரியாக 2 வந்தால்: நீங்கள் பயன்படுத்திய வாய்பாடு வேறு அமைப்புக்கானது. 2013-ல் கிளாஸ்கோவில் லாவரி, பேட்ஜெட் குழுவினர் ஒளியில் செய்த சோதனையில் இடமுறுக்கையும் வலமுறுக்கையும் ஒன்றாகக் கலந்து அடித்தார்கள். அங்கே மடங்கு முறுக்கெண்ணின் இரட்டிப்பு. ஒற்றை முறுக்கு அனுப்பி நடு பேட்சில் ஏற்றால் இரட்டிப்பு கிடையாது. அதே வட்டத்தால் ஏற்றால் உண்டு. சரியாக 0.5 வந்தால் டேக்கோமீட்டர் (சுற்று வேகம் அளக்கும் கருவி) பொய் சொல்கிறது: தகட்டில் எதிரொலி ஸ்டிக்கர் ஒன்றுக்குப் பதில் இரண்டு இருந்தாலோ, அலுமினிய டேப்பையே அது இன்னொரு ஸ்டிக்கராக எண்ணினாலோ விகிதம் பாதியாகும்.

1.08 போல 1-ஐவிடச் சற்றுப் பெரிய எண் வந்து, எந்த வேகத்திலும் மாறாமல் நின்றால்: நேர அச்சு தவறு. ஐ.எஃப். பட்டையகலத்திலிருந்து மாதிரி இடைவெளியைக் கணக்கிட்டிருப்பீர்கள். கருவி ஒவ்வொரு புள்ளிக்கும் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுக்கும். திரையில் தெரியும் ஸ்வீப் நேரத்தைப் புள்ளிகளின் எண்ணிக்கையால் வகுத்து அந்த இடைவெளியைப் பயன்படுத்துங்கள்.

முறுக்கெண் 5 வைத்தீர்கள், கோடு −57-ல்: எட்டு பேட்சில் 5 என்பது −3-தான்.

## அறிகுறி 6: கோடு அகலமாக, கலங்கலாக இருக்கிறது

முறுக்கெண்ணை 1-லிருந்து 3-க்கு மாற்றிப் பாருங்கள். அகலமும் மூன்று மடங்கானால் மோட்டார் வேகம் நிலையாக இல்லை. டாப்ளர் அதை உண்மையாகவே பெருக்கிக் காட்டுகிறது. சாதாரண டி.சி. மோட்டார் சூடேறும்போது வேகம் நழுவும். பத்து நிமிடம் ஓட விட்டு அளங்கள். போதவில்லை என்றால் டேக்கோமீட்டர் துடிப்பைக் கூடவே பதிந்து, நேரத்துக்குப் பதில் தகட்டின் கோணத்துக்கு மாதிரிகளை மாற்றி எஃப்.எஃப்.டி. எடுங்கள். வேகப் பின்னூட்டமுள்ள மோட்டார் வாங்குவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள். பல நேரம் வாங்கவே வேண்டியிருக்காது.

அகலம் மாறாமல் நின்றால் பதிவு நேரம் குறைவு. 2 நொடியை 10 ஆக்குங்கள். அதிலும் மாறவில்லை என்றால் அனுப்பும் மூலமும் ஏற்பியின் மூலமும் வேறு வேறா என்று பாருங்கள். டிஷ் ஆன்டெனாவின் எல்.என்.பி-யை ஏற்பியாக வைத்தால் அதன் உள் ஆஸிலேட்டர் தானாக அலையும்; 19 ஹெர்ட்ஸைத் தேடும் வேலைக்கு அது ஆகாது.

## அறிகுறி 7: சுழலும் திசை தெரியவில்லை

மோட்டாரைத் திருப்பி ஓட்டினால் கோடு +19-லிருந்து −19-க்குத் தாவ வேண்டும். முறுக்கெண்ணின் குறியை மாற்றினாலும் தாவ வேண்டும். இரண்டையும் சேர்த்து மாற்றினால் பழைய இடத்துக்கே வர வேண்டும். இந்த மூன்றும் நடந்தால்தான் அளவு நம்பத்தக்கது.

இரு பக்கமும் கோடு நின்று, ஒன்று மற்றதைவிட 20-25 டெசிபெல் சிறிதாக இருந்தால் அது ஐ/க்யூ சமனின்மை: 1 டெசிபெல் வீச்சுப் பிழையும் 5 பாகைக் கட்டப் பிழையும் சேர்ந்தால் பிம்பம் சுமார் 23 டெசிபெல் கீழே நிற்கும். கைச்சுற்றுப் புள்ளிகள் வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாக வரும். அந்த நீள்வட்டத்தை வைத்தே மென்பொருளில் திருத்திவிடலாம். திசை முழுக்கத் தலைகீழாக வந்தால் ஐ-யும் க்யூ-வும் இடம் மாறியிருக்கலாம். அல்லது கேபிள்களைப் பலகையின் பின்புறமிருந்து பார்த்து வரிசையாக மாட்டியிருப்பீர்கள், முன்னிருந்து பார்த்தால் அது எதிர்த்திசை.

*நிபுணரிடம் போகும் இடம்:* ஒரு பக்க வெளியீடு முற்றிலும் செத்து, கேபிளை மாற்றியும் உயிர் வரவில்லை என்றால் மிக்சர் டயோடு போயிருக்கும். அதை மாற்றலாம். வி.என்.ஏ-வின் போர்ட் என்றால் கையை வைக்காதீர்கள். சேவை மையத்துக்குத்தான் போக வேண்டும், செலவும் அதற்கேற்ப இருக்கும். அடுத்த முறை, பவர் பெருக்கியின் வெளியீட்டை அட்டெனுவேட்டர் இல்லாமல் போர்ட்டில் மாட்டாதீர்கள்.

## அறிகுறி 8: அருகில் நன்றாக வருகிறது, தள்ளி வைத்தால் காணாமல் போகிறது

எந்த ராடாரிலும் தூரம் இரட்டித்தால் எதிரொலி 12 டெசிபெல் குறையும். இங்கே வளையம் விரிவதும் அதனோடு சேர்கிறது. 15 செ.மீ-இல் உள்ள அதே டேப்பை 2 மீட்டருக்குக் கொண்டுபோனால், வளையத்தின் உச்சத்தோடு ஒப்பிட முறுக்கெண் 1-க்கு 3 டெசிபெல் குறைவான சக்திதான் அதன்மேல் விழும். முறுக்கெண் 3-க்கு 28 டெசிபெல் குறைவு. ஆகவே தூரம் வேண்டுமென்றால் முதலில் முறுக்கெண்ணைக் குறையுங்கள். அது இலவசம்.

அடுத்தது பதிவு நேரத்தை நீட்டுவது; மோட்டார் நிலையாக இருந்தால் நேரம் பத்து மடங்கானால் 10 டெசிபெல் லாபம். பிறகு இலக்கின் ஆரத்தைக் கூட்டுவது. அதற்குப் பிறகுதான் பெரிய ஆன்டெனா வட்டம்: தூரம் இரட்டித்தும் வளையம் அதே அளவில் நிற்க வேண்டுமானால் வட்டத்தின் ஆரமும் இரட்டிக்க வேண்டும், 6 செ.மீ. 12 ஆக வேண்டும். கேபிள்களும் நீளும், கட்டச் சோடியை மறுபடி சேர்க்க வேண்டும்.

பவர் பெருக்கி கடைசி. அதை வாங்குமுன் கசிவை அளந்து பாருங்கள். ஏற்பி ஏற்கெனவே கசிவால் நிரம்பியிருந்தால், கூட்டும் ஒவ்வொரு டெசிபெல்லும் கசிவையும் அதே அளவு கூட்டும், கோடு மேலே எழாது.